நல்லநாச்சியின் மறுப்பும் வன்னியின் வீழ்ச்சியும்
வரலாற்றுக் கதைகளை எப்படி வாசிப்பது?

வவுனியா கச்சேரிக்கு முன்பாக நிற்கும் பண்டார வன்னியன் சிலையைக் காணாதவர் நம்மில் இல்லை. செட்டிகுளத்திலிருந்து எந்த அலுவலுக்காக நகருக்குப் போனாலும் அந்தச் சிலையைக் கடந்துதான் போகிறோம். அவன் யார் என்று கேட்டால், வெள்ளையனை எதிர்த்த வன்னியின் கடைசி மன்னன் என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஏன் தோற்றான் என்று கேட்டால், காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்தான் என்று பதில் வரும். ஏன் காட்டிக்கொடுத்தான் என்று இன்னும் ஒரு கேள்வி கேட்டால், "பெண் கேட்டான், கொடுக்கவில்லை" என்பார்கள்.

இந்தக் கடைசிப் பதிலில்தான் நாம் சற்று நிற்க வேண்டும். ஒரு பெண் ஒருவனை மணக்க மறுத்ததால் ஒரு நாடே வீழ்ந்தது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமா? அந்த நம்பிக்கைக்கு வரலாற்றில் எவ்வளவு இடம் இருக்கிறது?

கதை சொல்வது

பண்டார வன்னியன் கதை முதலில் மக்கள் வாய்மொழியில் வாழ்ந்தது. பின்னர் முள்ளியவளையைச் சேர்ந்த எழுத்தாளர் முல்லைமணி அதை நாடகமாக்கினார். 'பண்டார வன்னியன்' என்ற அந்நாடகம் 1964ஆம் ஆண்டு நூலாக வந்தது. 1990களின் தொடக்கத்தில் தமிழகத்தில் மு. கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்ற பெயரில் இதே மன்னனை வரலாற்று நாவலின் தலைவனாக்கினார். சொல்பவருக்கு ஏற்பக் கதையின் விபரங்கள் மாறும். பரவலாக வழங்கும் வடிவம் இதுதான்.

மன்னனுக்கு நல்லநாச்சி என்றொரு தங்கை. அவள் மனம் அரசவைப் புலவன் ஒருவனிடம் இருக்கிறது. அவனுக்கு நாடும் இல்லை, படையும் இல்லை. மன்னன் கொடுக்கும் பரிசிலில் வாழ்பவன். மறுபுறம் காக்கை வன்னியன் பெண் கேட்டு வருகிறான். அவன் வன்னிமைக் குலத்தவன், ஆளும் உரிமை பெற்றவன். குலமும் நிலையும் பார்த்தால் அவனே பொருத்தமானவன். ஆனால் நல்லநாச்சிக்கு அவனில் விருப்பம் இல்லை. அவமானப்பட்ட காக்கை வன்னியன் ஆங்கிலேயரோடு சேர்ந்து மன்னனைச் சிக்கவைக்கிறான்.

காதல், குடும்பக் கடமை, ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றும் ஒரே முடிச்சில் இறுகும் கதை இது. ஆகவேதான் அது இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது.

ஏடுகள் சொல்வது

இனி ஆவணங்களைப் பார்ப்போம். ஒல்லாந்தர் 1782இல் வன்னியைப் படை கொண்டு அடக்கினர். 1796ஆம் ஆண்டுக்குள் இலங்கையின் கரையோரம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1803இல் கண்டி அரசுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் கண்டியில் இருந்த ஆங்கிலேயப் படை அழிந்தது. அந்த வேளையைப் பயன்படுத்தித்தான் பண்டார வன்னியன் எழுந்தான். 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி அவனது படை முல்லைத்தீவைத் தாக்கியது. அங்கிருந்த படையினர் கடல் வழியே யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்க நேர்ந்தது.

ஆங்கிலேயர் சும்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய இடங்களிலிருந்து படைகளை அனுப்பினர். 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி, ஒட்டுசுட்டானுக்கு அருகில் உள்ள கற்சிலைமடுவில், வொன் டிறிபேர்க் என்ற அதிகாரி எதிர்பாராத நேரத்தில் தாக்கி வன்னியனைத் தோற்கடித்தான். அந்த இடத்தில் ஆங்கிலேயர் நட்ட நடுகல் பண்டார வன்னியன் தோற்கடிக்கப்பட்டதைத்தான் சொல்கிறது. அவன் இறந்ததாகச் சொல்லவில்லை. அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் அவன் பெயர் ஆங்கிலேயரின் எழுத்துகளில் வருகிறது.

வன்னியில் அரச அதிகாரியாக இருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு பெரிய கைநூல் எழுதினார். இந்தப் போர் பற்றி நாம் இன்று சொல்லும் பல செய்திகள் அதன் வழியாக வந்தவை. அந்த வரலாற்றில் வன்னியின் வீழ்ச்சிக்குக் காணும் காரணங்கள் வேறு: பல திசைகளிலிருந்து வந்த படைகள், நல்ல ஆயுதங்கள், எதிர்பாராத தாக்குதல், ஏற்கனவே ஒல்லாந்தர் உடைத்துப் பலவீனமாக்கிய வன்னிமைகள். கல்யாணப் பேச்சு குழம்பியதால் வந்த வீழ்ச்சி அல்ல அது.

காக்கை வன்னியன் என்ற பெயரிலும் ஒரு செய்தி இருக்கிறது. 1736ஆம் ஆண்டளவில் மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய 'யாழ்ப்பாண வைபவமாலை'யில், சங்கிலி மன்னனைப் போர்த்துக்கேயரிடம் பிடித்துக் கொடுத்தவன் பெயரும் காக்கை வன்னியன்தான். யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619இல். கற்சிலைமடுப் போர் நடந்தது 1803இல். இடையில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். ஒரே பெயர் இரண்டு வீழ்ச்சிகளிலும் துரோகியாக வருவதைப் பார்த்தால், தோல்வியின் வலியை ஆற்றிக்கொள்ள மக்கள் மனம் ஒரு பழைய பெயரை மீண்டும் எடுத்துக்கொண்டது என்று எண்ண இடமுண்டு. "எங்கள் வீரம் குறையவில்லை, உள்ளிருந்தவன் கெடுத்தான்" என்று சொல்வதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

நாவலாசிரியரின் வேலை

அப்படியானால் கதை பொய் என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. ஏடுகளில் திகதியும் படைத்தொகையும் இருக்கும். மனிதரின் மனம் அங்கே பதிவாவதில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவதே வரலாற்று நாவலாசிரியரின் வேலை.

நம் மாணவியர் பலர் விரும்பிப் படிக்கும் 'பொன்னியின் செல்வன்' இதற்கு நல்ல உதாரணம். 1950 முதல் 1954 வரை கல்கி அதைத் தொடராக எழுதினார். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்துகளைப் பறித்த செய்தி உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. இரவிதாசன், சோமன் போன்ற பெயர்கள் அதில் உள்ளன. ஆனால் ஏன் கொன்றார்கள் என்பது அதில் இல்லை. கல்கி அந்த இடத்தில் நந்தினியைப் படைத்தார். அர்ச்சகர் வீட்டில் வளர்ந்தவள் என்பதால் அரண்மனைக்கு ஏற்றவள் அல்ல என்று கரிகாலனிடமிருந்து பிரிக்கப்பட்டவள் அவள். குலப் பெருமை ஒரு பெண்ணுக்குச் செய்த அநீதி பின்னர் ஓர் அரச குடும்பத்தையே சுடுகிறது. கல்வெட்டில் நந்தினி இல்லை. ஆனால் பிறப்பைக் காரணம் காட்டி அவமதிக்கப்பட்டவரின் வேதனை உண்மையானது. நாவல் தரும் உண்மை அத்தகையது.

நல்லநாச்சியின் கதையையும் இப்படியே வாசிக்கலாம். அதை வரலாற்றுக் காரணமாக எடுத்துக்கொண்டால் தவறான பாடம் கிடைக்கும். மனிதரைப் பற்றிய கதையாக எடுத்துக்கொண்டால் அதில் கற்க நிறைய உண்டு.

குற்றம் யாருடையது?

கதையைக் கதையாகவே பார்ப்போம். நல்லநாச்சி செய்தது என்ன? தனக்கு விருப்பமில்லாதவனை விருப்பமில்லை என்றாள். பகைவனிடம் போனவன் காக்கை வன்னியன். பாதை காட்டியவனும் அவன். தன் ஆசை நிறைவேறாததற்காக ஒரு நாட்டையே விலை பேசியவனை விட்டுவிட்டு, மறுத்தவளின் மேல் பழி போடுவது என்ன நியாயம்? "அவள் சம்மதித்திருந்தால் நாடு தப்பியிருக்குமே" என்று சிலர் சொல்வதுண்டு. அப்படிக் கேட்ட பெண் கிடைக்காததற்காகத் தன் இனத்தையே விற்கத் துணிந்தவன், மாப்பிள்ளையாக வந்திருந்தாலும் இன்னொரு காரணம் கிடைக்கும் நாளில் அதையே செய்திருப்பான்.

அண்ணனின் நிலையும் எண்ணத் தக்கது. அக்காலத்தில் ஆளும் குடும்பங்களில் திருமணம் என்பது படைத்துணை தேடும் வழி. தங்கையைக் காக்கை வன்னியனுக்குக் கொடுத்தால் ஒரு கூட்டாளி கிடைப்பான். கொடுக்காவிட்டால் ஒரு பகைவன் உருவாவான். புலவனுக்குக் கொடுத்தால் ஊர் சிரிக்கும். இத்தனையும் தெரிந்தும் தங்கையின் விருப்பத்துக்கு எதிராக அவன் நிற்கவில்லை என்றே கதை சொல்கிறது. வாளேந்திய வீரத்தைச் சிலையாக வைத்திருக்கிறோம். இந்த வீரத்தை நாம் அதிகம் பேசுவதில்லை.

புலவனையும் மறக்கக் கூடாது. அவனிடம் கல்வி இருந்தது, காணி இல்லை. பெண் கேட்டு வருபவரின் குணத்துக்கு முன் அவரது காணியையும் குடும்பப் பெயரையும் விசாரிக்கும் வழக்கம் இன்றும் நம் ஊர்களில் ஓய்ந்துவிடவில்லை. பெற்றோர் விசாரிப்பது பிள்ளையின் நலனுக்காகத்தான். ஆனால் குலமும் நிலையும் பொருந்திய காக்கை வன்னியனிடம் குணம் பொருந்தவில்லை என்பதையும் இந்தக் கதைதான் சொல்கிறது.

ஏட்டில் இருக்கும் ஒரு பெண்

ஒல்லாந்தர் வன்னியை அடக்கியபோது அவர்களுக்குக் கடும் எதிர்ப்புக் கிடைத்தது. அக்காலத்து வன்னிச்சி ஒருவரைப் பற்றிய குறிப்பை லூயிஸின் நூலில் காணலாம். மரியா செம்பாத்தை என்பது அவர் பெயர். ஒல்லாந்தர் அவரைக் கொழும்புக் கோட்டையில் சிறை வைத்திருந்தனர். யாரை விரும்பினார், யாரை மறுத்தார் என்பதற்காக அவர் பெயர் ஏட்டில் ஏறவில்லை. ஆள வந்தவர்கள் சிறையில் அடைத்து வைக்க வேண்டிய அளவுக்கு அவர் அவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தார் என்பதே நமக்குத் தெரிய வருவது.

வன்னியின் பெண் என்றதும் நமக்கு நல்லநாச்சி நினைவுக்கு வருகிறாள். மரியா செம்பாத்தை வருவதில்லை. பெண்ணைக் காதலியாகவும் கல்யாணப் பொருளாகவும் வைத்துக் கதை சொல்லிப் பழகிய காதுக்கு, எதிர்த்து நின்ற பெண்ணின் பெயர் எளிதில் ஏறாது போலும்.

ஆகவே வரலாற்று நாவல் ஒன்றைக் கையில் எடுக்கும் மாணவியர் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். இதில் ஏடும் கல்வெட்டும் சொல்வது எது? மக்கள் வாய்மொழி சேர்த்தது எது? எழுத்தாளர் தம் கற்பனையால் கொடுத்தது எது? இம்மூன்றையும் பிரித்தறிந்த பின்பும் கதையின் சுவை குறையாது. வீட்டில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும் பெற்றோரும், "ஒரு பெண்ணாலே நாடு போச்சு" என்று முடிக்காமல், பீரங்கியோடு வந்த பேரரசை ஒரு சிறு வன்னிமை எதிர்த்து நின்றது என்று முடிக்கலாம். ஏடுகள் சொல்லும் உண்மையும் அதுதான்.