மானிப்பாயில் தமிழ் வழி மருத்துவம்

நோர்வேக்கோ சுவீடனுக்கோ ஒரு பருவம் படிக்கப் போகும் மருத்துவ, தாதிய மாணவர் விரிவுரையை ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம். வாட்டில் கிடக்கும் நோயாளியோ தன் தாய்மொழியில்தான் நோவைச் சொல்வார். இதே சிக்கல் 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலும் இருந்தது. ஆனால் அங்கே மொழி கற்றவர் மாணவர் அல்ல, ஆசிரியர்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் மாணவரைப் பயிற்றத் தொடங்கினார். முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான். படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விட, கிராமங்கள் பழையபடியே கிடந்தன. ஆகவே 1860களில் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். உத்தியோக ஆசைக்கு இதைவிடச் சரியான மருந்து இருந்திருக்க முடியாது.

பாடநூல்களும் தமிழில் வேண்டியிருந்தன. மாணவரின் துணையோடு மொழிபெயர்ப்பு நடந்தது. சத்திரசிகிச்சைக்கு ‘இரண வைத்தியம்’, உடற்கூற்றியலுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’, இரசாயனத்துக்கு ‘கெமிஸ்தம்’ எனப் பெருநூல்கள் வந்தன. இவற்றில் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1858இல் லண்டனில் வெளியான கிரேயின் உடற்கூற்று நூலின் தமிழ் வடிவம், 1872இல் அச்சேறியது. சமஸ்கிருதச் சொற்கள் மண்டிய நடை இன்றைய வாசகருக்குக் கடினந்தான். ஆனாலும் கலைச்சொல்லாக்கத்தில் இறங்குவோர் முதலில் புரட்டவேண்டியவை இவையே.

மொழியில் மட்டுமல்ல, உடையிலும் மாணவர் ஐரோப்பியராக மாறுவது கிறீனுக்குப் பிடிக்காது.

60க்கும் மேற்பட்ட மருத்துவர்களைப் பயிற்றிய பின் 1873இல் நாடு திரும்பிய அவர் 1884இல் காலமானார். மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.