கதவைத் தட்டுவது யார்? கம்ப்யூட்டரின் போர்ட்களைக் காப்பது எப்படி

காசிமேட்டிலிருந்து எண்ணூர் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைப் பார்க்காதவர்கள் வடசென்னையில் இருக்க மாட்டார்கள். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் நுழையக் காத்திருக்கும் லாரிகள் அவை. வரிசை நீண்டுவிட்டால் திருவொற்றியூர் பஸ்ஸில் போகிறவர்கள் திட்டித் தீர்ப்பார்கள். ஆனாலும் டிரைவரின் பாஸ், சரக்குக்கான காகிதம், கன்டெய்னர் எண் எல்லாம் சரியாக இருந்தால்தான் லாரி உள்ளே போக முடியும். "நான் தினமும் வருகிறவன்தான்" என்று சொன்னால் மட்டும் போதாது.

கம்ப்யூட்டர் கட்டுரையில் துறைமுகம் எதற்கு என்கிறீர்களா? உங்கள் கம்ப்யூட்டரிலும் போர்ட்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து அங்கேயும் ஆட்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். கேட்டில் யாரும் இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

போர்ட் என்றால் என்ன?

பென் டிரைவ் செருகும் யு.எஸ்.பி. போர்ட்டை இங்கே சொல்லவில்லை. நெட்வொர்க்கில் இணைந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐ.பி. முகவரி உண்டு. அதை ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் முகவரி என்று வைத்துக் கொள்ளுங்கள். கட்டடத்துக்குள் எந்த வீடு என்று சொல்வது போர்ட் எண். இந்த எண்கள் 65535 வரை உண்டு. வெப்சைட்டுகளுக்கு 80, 443 ஆகிய எண்கள். வின்டோஸில் பைல்களையும் பிரிண்டரையும் ஷேர் செய்ய 445. ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389.

ஒரு போர்ட்டில் காத்திருந்து, வெளியிலிருந்து வரும் கோரிக்கைக்குப் பதில் தரும் புரோகிராமைத்தான் சர்வர் என்கிறோம். "என்னிடம் இருப்பது ஒரு சாதாரண கம்ப்யூட்டர்தானே, சர்வர் இல்லையே" என்று நினைக்காதீர்கள். ஒரு லேத் பட்டறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒன்றில் பிரிண்டரை இணைத்து, மற்றதிலிருந்தும் பில் பிரிண்ட் எடுக்கும்படி ஷேர் செய்கிறார்கள். அந்த நிமிடமே முதல் கம்ப்யூட்டர் ஒரு சர்வர் ஆகிவிட்டது. இனி அதன் கதவை யாராவது தட்டினால் அது பதில் சொல்லும்.

376 பைட் செய்த வேலை

2003-ம் ஆண்டு ஜனவரி 25 அன்று 'ஸ்லாம்மர்' என்ற வோர்ம் பரவியது. இதன் மொத்த அளவு 376 பைட்கள்தான். ஒரு எஸ்.எம்.எஸ். செய்தி இரண்டு மூன்று சேர்ந்தால் வரும் அளவு.

மைக்ரோசாப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2000 என்ற டேட்டாபேஸ் புரோகிராம் 1434 என்ற போர்ட்டில் காத்திருக்கும். வெளியிலிருந்து ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால், அந்தப் பெயருள்ள டேட்டாபேஸை எப்படி அணுகுவது என்று பதில் தரும். வந்த பெயரை அது மெமரியில் ஒரு சிறிய இடத்தில் எழுதி வைக்கும். பெயர் அந்த இடத்துக்குள் அடங்குமா என்று மட்டும் பார்க்கவில்லை. ஸ்லாம்மர் மிக நீளமான ஒரு 'பெயரை' அனுப்பியது. அது ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, பக்கத்தில் இருந்ததை அழித்து, தானே ஒரு புரோகிராமாக ஓட ஆரம்பித்தது. இதற்குத்தான் பஃபர் ஓவர்ஃப்ளோ என்று பெயர். பாஸ்வேர்டு கேட்கவில்லை, யாரும் எதையும் கிளிக் செய்யவில்லை. ஒரே ஒரு கோரிக்கை போதுமானதாக இருந்தது.

முதல் கட்டத்தில் சுமார் 8.5 விநாடிக்கு ஒருமுறை இதன் எண்ணிக்கை இரட்டிப்பானது. பத்தே நிமிடத்தில், இந்த ஓட்டை இருந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை மாட்டிக் கொண்டன. இத்தனைக்கும் ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில் வந்துவிட்டது. இந்த டேட்டாபேஸின் சிறிய வடிவம் வேறு பல சாப்ட்வேர்களுடன் சேர்ந்தே இன்ஸ்டால் ஆகியிருந்ததால், தங்களிடம் அது ஓடுகிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. தெரியாத கதவுக்கு யார் பூட்டு போடுவார்கள்?

துறைமுகத்தை நிறுத்திய கோரிக்கை

2017 ஜூன் 27 அன்று 'நாட்பெட்யா' வந்தது. உக்ரைனில் பலர் பயன்படுத்திய ஒரு கணக்கு சாப்ட்வேரின் அப்டேட் வழியாக அலுவலகங்களுக்குள் நுழைந்தது. நுழைந்த பிறகு பக்கத்துக் கம்ப்யூட்டர்களின் 445-ம் போர்ட்டைத் தட்டியது. பைல் ஷேரிங் கோரிக்கையை வின்டோஸ் சரிபார்ப்பதில் இருந்த ஒரு ஓட்டையை அது பயன்படுத்தியது. அதற்கான பேட்ச் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது.

பேட்ச் போட்ட கம்ப்யூட்டர்களும் முழுதாகத் தப்பவில்லை. ஒரு கம்ப்யூட்டரைப் பிடித்தவுடன் அதன் மெமரியில் இருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை எடுத்து, அதைக் காட்டி அடுத்ததற்குள் போனது. கேட்டில் காட்டிய பாஸ் உண்மையானது, காட்டியவன்தான் திருடன்!

இதில் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் முடங்கியது. நம் நாட்டில் மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்த நிறுவனத்தின் பிரிவு நடத்திய கன்டெய்னர் முனையத்தில் கம்ப்யூட்டர்கள் நின்றன. எந்தக் கன்டெய்னர் எங்கே இருக்கிறது, யாருக்குப் போக வேண்டும் என்பதைக் கையால் எழுதிப் பார்க்கும் நிலை வந்தது. 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாட்களில் மறுபடி இன்ஸ்டால் செய்ததாக மெர்ஸ்க் தலைவரே 2018 ஜனவரியில் சொன்னார். 25 முதல் 30 கோடி டாலர் வரை நஷ்டம் என்று நிறுவனம் கணக்கிட்டது. ஒரு முனையம் நின்றால் லாரி டிரைவர் முதல் கிளியரிங் ஏஜென்ட் வரை எத்தனை பேருக்கு வேலை நிற்கும் என்பதை ராயபுரம்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல சர்வர் கேட்கும் ஐந்து கேள்விகள்

சர்வர் புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு கோரிக்கையையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

1. நீ யார்? பாஸ்வேர்டோ வேறு அடையாளமோ காட்டாதவருக்குப் பதில் இல்லை.

2. இதைக் கேட்க உனக்கு உரிமை உண்டா? பிரிண்ட் எடுக்க வந்தவர் பைலை அழிக்கச் சொன்னால் மறுக்க வேண்டும்.

3. அளவும் வடிவமும் சரியா? ஸ்லாம்மர் நுழைந்தது இந்தக் கேள்வி கேட்கப்படாததால்தான்.

4. எத்தனை முறை கேட்டுவிட்டாய்? தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தருபவரைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்க வேண்டும்.

5. நான் ஏமாந்துவிட்டால் எவ்வளவு நஷ்டம்? சர்வரை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையில் ஓடவிடக் கூடாது. குறைந்த உரிமையில் ஓடினால், பிடிபட்டாலும் சேதம் குறையும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

புரோகிராம் எழுதாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. பயப்பட வேண்டாம், எல்லாம் அரை மணி நேர வேலைதான்.

முதலில், எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, நெட்வொர்க் டேபை கிளிக் செய்யுங்கள். கீழே 'லிசனிங் போர்ட்ஸ்' என்ற பட்டியல் இருக்கும். புரோகிராமின் பெயர், போர்ட் எண், பயர்வால் அனுமதி எல்லாம் அதில் தெரியும். முகவரிப் பகுதியில் 'லூப்பேக்' என்று இருந்தால் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து மட்டுமே பேச முடியும். 'அன்ஸ்பெசிஃபைட்' என்று இருந்தால் குறிப்பிட்ட ஒரு முகவரி என்றில்லாமல் எல்லா இணைப்புகளிலும் காத்திருக்கிறது என்று அர்த்தம். வெளியாட்களைத் தடுக்க பயர்வால்தான் துணை. பட்டியலில் வின்டோஸின் சொந்த புரோகிராம்களும் வரும். அவற்றை நீக்காதீர்கள். நீங்கள் இன்ஸ்டால் செய்து, இப்போது பயன்படுத்தாதவற்றை மட்டும் நீக்குங்கள்.

அடுத்து பயர்வால். அதை எப்போதும் ஆன் செய்து வையுங்கள். புது புரோகிராம் ஒன்று நெட்வொர்க்கில் அனுமதி கேட்டு விண்டோ வந்தால், படிக்காமல் 'அலவ்' பட்டனை அழுத்தாதீர்கள். வெளியிடங்களில் வைஃபை பயன்படுத்தும்போது நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்று இருக்கட்டும்.

ரிமோட் டெஸ்க்டாப் தேவையில்லை என்றால் ஆஃப் செய்யுங்கள். தினசரி வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத தனி அக்கவுன்ட் வைத்துக் கொள்ளுங்கள்.

ரவுட்டரையும் கடையில் மாட்டிய கேமராவையும் மறக்காதீர்கள். 2016-ல் பரவிய 'மிராய்', தயாரிப்பாளர் வைத்துத் தந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் தேடிப் பிடித்தது.

கடைசியாக அப்டேட். மேலே சொன்ன இரண்டு வோர்ம்களும் வருவதற்கு முன்பே பேட்ச் தயாராக இருந்தது. வின்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள் மாறுவதற்கு வழி பார்ப்பது நல்லது.

பட்டறைக் கணக்கும் பிள்ளைகளின் போட்டோக்களும் உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. இன்று மாலையே அந்த லிசனிங் போர்ட்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் திறந்திருக்கும் கதவு ஒன்றாவது கண்ணில் படலாம்.