கணினியின் மந்தமும் மலையக மக்களின் காத்திருப்பும்

ஹற்றன், நுவரெலியா பகுதிகளில் தோட்டத் தொழிலாளி ஒருவர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்காகப் பிரதேச செயலகம் செல்வாராயின் அவருக்கு அன்றைய ‘பேர்’ இல்லை. அங்கே “கணினி வேலை செய்வது தாமதம், நாளை வாருங்கள்” என்று கூறப்பட்டால் இழப்பு இரு நாட்களாகின்றது. பழி வழமையாக இயந்திரத்தின் மீதோ மலைநாட்டு இணைப்பின் மீதோ விழுகின்றது. ஆனால் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கப்படும் முறையே காரணமாக இருப்பதுண்டு.

பழைய பதிவேட்டறையை நினைத்துப் பார்ப்போம். பதிவிலக்கம் தெரிந்தால் உரிய பக்கத்தை உடனே திறக்கலாம். தெரியாவிட்டால் ஆண்டுக்கணக்கில் ஏடு புரட்ட வேண்டும். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் தொடர்ச்சியான வதிவை நிரூபிக்க அலைந்த சமூகத்துக்குக் கண்டெடுக்க முடியாத கடதாசியின் விலையை நாம் சொல்லத் தேவையில்லை.

கணினியில் அந்தப் பதிவிலக்கத்தின் வேலையை ‘இன்டெக்ஸ்’ எனும் சுட்டுவரிசை செய்கின்றது. அது இருந்தும் பயன்படாமற் போவதே எதிர்பாராத தாமதத்தின் இரகசியம். அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். பழைய இலக்கங்கள் ஆங்கில எழுத்தொன்றில் முடிந்தமையால் எழுத்துத் தொடராகவே சேமிக்கப்பட்டன. 2016 முதல் வழங்கப்படுபவை 12 இலக்கங்கள் மட்டுமே கொண்டவை. இதனை நிரலாளர் வெறும் எண்ணாகக் கருதிக் கேள்வியை அமைத்தால், மை எஸ்.கியூ.எல். போன்ற மென்பொருள் சுட்டுவரிசையைக் கைவிட்டு முழு அட்டவணையையும் புரட்டத் தொடங்கும். விடை சரியாகவே வரும். ஆதலால் எவருக்கும் ஐயம் எழாது.

பெயர்களின் கதை வேறு. முத்துசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர் ஆளுக்கொரு விதமாக எழுதுவர். எனவே பெயரின் நடுப்பகுதியைக் கொண்டு தேடுகின்றனர். சுட்டுவரிசையோ முதலெழுத்திலிருந்தே வழிகாட்டும். முகம்மது என்று தேடினால் வரிசை உதவும். ஆயினும் ஆயிரக்கணக்கானோர் வந்து நிற்பர். பிறந்த ஆண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

சில நூறு பெயர்களுடன் நடத்தும் பரிசோதனையில் இக்குறைகள் தென்படா. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவில் மட்டும் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

தாமதமான கேள்விகளைக் குறித்துவைக்கும் வசதி மை எஸ்.கியூ.எல்லிலேயே உண்டு. அதன் இயல்பான எல்லை 10 செக்கன்கள்; அதனை ஒரு செக்கனாகக் குறைத்து, ஒரு வாரம் இயங்கவிட வேண்டும். பிடிபட்ட கேள்வியின் முன் ‘எக்ஸ்பிளெயின்’ என்ற கட்டளையைச் சேர்த்தால் சுட்டுவரிசை பயன்பட்டதா, அட்டவணை முழுவதும் புரட்டப்பட்டதா என்பது தெரிந்துவிடும். குறிப்பேட்டில் எதுவும் அகப்படாவிட்டால் இணைப்பைச் சந்தேகிக்கலாம். புதிய கணினி கேட்பது அதற்கும் பிறகுதான்.