இழைப்புளியை இழைத்தல்

சுங்கை பூலோ என்றதும் 1930ஆம் ஆண்டில் அமைந்த தொழுநோயர் குடியிருப்பும் செடிப்பண்ணைகளும் பலருக்கு நினைவில் எழும். மரத்தொழில் அறிந்தோர்க்கோ அது அறைகலன் பட்டறைகளின் ஊர். மின்பொறிகள் பெருகியபின், கையால் இழைக்கும் கருவி மூலையில் துருவேறிக் கிடந்து, இறுதியில் பழைய இரும்பாக எடைக்குப் போகின்றது. அதனோடு ஒரு கைத்திறனும் அத்திறனுக்குரிய சொற்களும் போய்விடுகின்றன. ஆகவே அதனை மீட்கும் முறையை இங்கு விளக்குவோம்.

இழைப்புளி, சீவுளி என நாம் வழங்கும் இக்கருவியை மலாய்மொழி ‘கெத்தாம்’ என்கிறது. நண்டுக்கும் அதுவே பெயர். லியோனார்டு பெய்லி என்னும் அமெரிக்கரின் காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. அவ்வமைப்பையே பின்பற்றி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலும் ‘ரெக்கார்டு’ என்னும் பெயரில் இழைப்புளிகள் செய்யப்பட்டன. வார்ப்பிரும்பு உடலில் அலகு 45 பாகைச் சாய்வில் அமர்ந்திருக்கும்.

முதலில் துருவை நீக்க வேண்டும். பாகங்களைக் கழற்றி, மரப்பிடிகளைத் தனியே வைத்து, இரும்புப் பாகங்களை வினிகரில் ஓரிரவு ஊறவிடலாம். அதற்கு மேல் விட்டால் அமிலம் நல்ல இரும்பையும் அரிக்கும். பின்னர்த் தேய்த்து, சமையற்சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். நம் நாட்டின் ஈரக்காற்றில் சிறிது தாமதித்தாலும் துரு மீண்டும் படரும்.

அடுத்தது அடிப்பரப்பைச் சமன்செய்தல். தடித்த கண்ணாடிப் பலகைமீது 80 எண் உப்புத்தாளை ஒட்டுக. அலகை உள்ளிழுத்து, ஆனால் வழக்கம்போல் இறுக்கியே வைக்க வேண்டும். அவ்விறுக்கம் உடலைச் சற்றே வளைப்பதால், தளர்த்திச் சமன்செய்தது இறுக்கியபின் சமனாய் இராது. அடிப்பரப்பில் மைக்கோடுகள் வரைந்து தேய்த்தால், மேடான இடங்களில் மை முதலில் அழியும். பள்ளங்களில் எஞ்சி நிற்கும். முன்முனை, வாயின் முன்விளிம்பு, பின்முனை ஆகிய மூன்றும் ஒரே தளத்திற்கு வந்தால் போதும். வாயின் முன்புறம் பள்ளமாயிருந்தால், அலகு வெட்டுமுன் மரநார் அழுத்தப்படாமல் பிய்ந்து எழும். மற்ற இடங்களில் சிறு பள்ளம் எஞ்சினால் குற்றமில்லை. மிகையாகத் தேய்த்தாலோ வாய் அகன்று கருவி கெடும். இறுதியாக 120, 220 எண் தாள்களால் மெருகேற்றி, அலகைத் தீட்டி, அடியில் மெழுகு தடவுக.

மரத்தை இழைக்கிறோம், சந்தனத்தைக் கல்லில் இழைக்கிறோம். இரண்டும் தேய்த்து நயப்படுத்தும் செயலே. இழைப்புளியின் அடியைக் கண்ணாடிமீது தேய்க்கும்போது, இழைக்கும் கருவியே இழைபடுகின்றது. அகராதியில் பொருள் கண்ட சொல்லை மாணவர் தம் கையாலும் அறிய இதனினும் எளிய வழி அரிது. பள்ளிதோறும் பழைய இழைப்புளி ஒன்றேனும் இவ்வாறு மீளுமாயின், ஒரு தொழிலின் மொழி அடுத்த தலைமுறையின் நாவிலும் நிலைபெறும்.