விடுதி வசதி: பட்டியலுடன் காரணமும் வெளிவர வேண்டும்

பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி பல குடும்பங்களில் சில நாட்களே நீடிக்கின்றது. பதிவுக் கடிதம் கைக்கு வந்ததும் எழுகின்ற அடுத்த கேள்வி, பிள்ளை எங்கே தங்குவது என்பதாகும். மன்னாரிலிருந்து ஒலுவிலுக்கும், பொத்துவிலிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும், தலவாக்கலையிலிருந்து வந்தாறுமூலைக்கும் பிள்ளைகளை அனுப்பவேண்டிய பெற்றோருக்கு இது சிறிய கேள்வியல்ல. குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் விடயத்தில், கிடைத்த அனுமதியை ஏற்பதா கைவிடுவதா என்பதையே இக்கேள்வி தீர்மானித்துவிடுவதுண்டு.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாக அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குக் கற்பித்தற் கட்டணம் அறவிடப்படுவதில்லை. ஆயினும் உணவும் உறைவிடமும் இலவசமல்ல. மகாபொல புலமைப்பரிசில் பெறும் மாணவரொருவர் வெளியே அறை எடுத்துத் தங்க நேர்ந்தால், அந்தப் பணத்தின் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடுகின்றது. ஆகவே, விடுதிக் கட்டில் ஒன்றை யாருக்கு வழங்குவது என்ற முடிவு, கல்வியை யாருக்கு வழங்குவது என்ற முடிவுக்கு மிக அருகில் நிற்கின்றது.

1942 இல் தோற்றம்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது, மாணவர் அனைவரும் வளாகத்திலேயே தங்கிக் கற்கவேண்டும் என்பதே அதன் முதலாவது உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் எண்ணமாக இருந்தது. அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய விடுதிகள் அந்த எண்ணத்தின் சின்னங்களாக இன்றும் நிற்கின்றன. பின்னர் பல்கலைக்கழகங்கள் பெருகின. மாணவர் தொகை பன்மடங்காகியது. கட்டில்களின் தொகை அதற்கு ஈடாக வளரவில்லை. எல்லோருக்கும் இடமில்லை என்றானபோதுதான் பங்கீட்டு விதிகள் தேவைப்பட்டன.

இவ்விதிகளின் பொதுவான அமைப்பு கடினமானதன்று. பல பல்கலைக்கழகங்களில் முதலாம் வருடத்தினருக்கும் இறுதி வருடத்தினருக்கும் முன்னுரிமை அளிக்கப்படுகின்றது. முன்னையோர் ஊரும் மொழியும் புதிதாக வருபவர்கள். பின்னையோர் ஆய்வுக் கட்டுரையும் இறுதிப் பரீட்சையும் எதிர்நோக்குபவர்கள். எஞ்சும் இடங்கள் வீட்டிலிருந்துள்ள தூரம், குடும்ப வருமானம், மாற்றுத்திறன், நோய் முதலியவற்றைக் கருத்திற்கொண்டு இடை வருடத்தினருக்குப் பகிரப்படுகின்றன. கிராம அலுவலரும் பிரதேச செயலாளரும் உறுதிப்படுத்தும் ஆவணங்களே இதற்கு ஆதாரம்.

விதிகள் நியாயமானவையே. அவற்றை அளக்கும் அளவுகோல்களிலேதான் குறை இருக்கின்றது.

தூரத்தை எடுத்துக்கொள்வோம். நெடுந்தீவு யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத்தை மட்டும் பார்க்கும் விதியொன்று, அங்கிருந்து வரும் மாணவியை உள்ளூர் மாணவியாகவே கணிக்கும். ஆனால் அவள் படகேறிக் குறிகட்டுவானை அடைந்து, அங்கிருந்து பேருந்தில் திருநெல்வேலிக்கு வரவேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் படகே ஓடாது. நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றிலிருந்து பேராதனைக்குள்ள தூரமும் வரைபடத்தில் அதிகமாகத் தெரியாது. லயத்திலிருந்து பிரதான வீதிவரை நடக்கும் நடையையும் மலைப்பாதைப் பயணத்தையும் வரைபடம் காட்டுவதில்லை. கிலோமீற்றரை விடுத்துப் பயண நேரத்தை அளப்பதே முறையாகும்.

நிரந்தர முகவரி என்பதும் எம்மவர் மத்தியில் எளிய விடயமன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல, யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ வேரும் புத்தளத்தில் வாழ்வுமாகப் பல்லாண்டுகளைக் கழித்துள்ளன. யுத்தத்தால் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் நிலையும் இதைப் போன்றதே. பதிவு ஓரிடத்திலும் பெற்றோர் வேறிடத்திலும் இருக்கையில், காகிதத்திலுள்ள முகவரியைக் கொண்டு தூரம் அளந்தால், வீடே இல்லாத ஊரில் வீடிருப்பதாகக் கொண்டு ஒரு மாணவன் நிராகரிக்கப்படலாம்.

வருமானச் சான்றிதழும் அவ்வாறே. ஆசிரியரினதும் தோட்டத் தொழிலாளியினதும் வருமானம் சம்பளப் பட்டியலில் சதம் தவறாமல் தெரிகின்றது. வியாபாரியின் வருமானம் அவர் சொல்வதாகவே அமைகின்றது. ஒரே வீட்டில் எத்தனை பிள்ளைகள் கற்கின்றனர், உழைப்பவர் எத்தனை பேர் என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றி உண்மையான வறுமை வெளிப்படாது.

இங்கே அரசின் கொள்கையிலுள்ள ஒரு முரண்பாட்டையும் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்பட்டுவரும் அனுமதி முறையில், பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் நாடளாவிய திறமையின்படியும், 55 வீதமானவை மாவட்ட அடிப்படையிலும், 5 வீதமானவை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் ஒதுக்கப்படுகின்றன. மன்னார், முல்லைத்தீவு, வவுனியா, அம்பாறை, நுவரெலியா என்பன அத்தகைய மாவட்டங்களுட் சில. வசதியற்ற பாடசாலையில் கற்றவர் என்று ஒருவரை இனங்கண்டு இடமளித்துவிட்டு, அவருக்குத் தங்குமிடம் இல்லையென்று கைவிரிப்பது ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பதாகும்.

ஆய்வு மாணவர்களின் நிலை வேறுவிதமானது. முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டங்களுக்காக ஆண்டுக்கணக்கில் ஆய்வுகூடத்திலும் நூலகத்திலும் காலங்கழிப்போர், இளமாணி மாணவருக்கான விடுதிப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஊழியருக்கான வீடுகளோ பதவி, சேவைக்காலம், குடும்பநிலை என்பவற்றுக்குரிய புள்ளிகளின்படி வழங்கப்படுபவை. தற்காலிக நியமனத்தில் கற்பித்தபடி ஆய்வு செய்யும் இளைஞர் விடுதிக்கு விண்ணப்பித்தால் ஊழியராகவும், வீட்டுக்கு விண்ணப்பித்தால் மாணவராகவும் கணிக்கப்படும் விந்தை நேர்வதுண்டு. ஆய்வாளருக்கெனச் சில அறைகளையேனும் தனியாக ஒதுக்கி, ஆய்வுக்காலம் முடியும் வரை என்று எல்லை குறித்து வழங்குவதே இதற்குப் பரிகாரம். கற்கை விடுமுறையில் வெளிநாடு செல்வோர் வீட்டை எப்போது ஒப்படைக்கவேண்டும் என்பதும் ஐயத்துக்கிடமின்றி எழுதப்படவேண்டும்.

எத்துணை நல்ல விதியும் அலுவலகக் கோப்புக்குள் இருக்குமாயின் பயனில்லை. அறிவித்தற் பலகையில் பெயர்ப் பட்டியல் தொங்குகின்றது. தன் பெயர் ஏன் இல்லை என்பது அதில் இருப்பதில்லை. அந்த வெற்றிடத்திலேதான் சிபாரிசும் சந்தேகமும் குடியேறுகின்றன. தமிழ் மாணவர் சிங்கள மாணவருக்கென்றும், முஸ்லிம் மாணவர் தமிழ் மாணவருக்கென்றும் இடம் போய்விட்டதாக எண்ணுவதற்கு, பல வேளைகளில் அநீதியே தேவைப்படுவதில்லை, மௌனமே போதுமானது.

எனவே, எதற்கு எத்தனை புள்ளி என்பது விண்ணப்பப் படிவத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்படவேண்டும். விண்ணப்பதாரர் ஒவ்வொருவருக்கும் அவரது புள்ளியும், இடம் கிடைத்தவர்களுள் ஆகக் குறைந்த புள்ளியும் தெரிவிக்கப்படவேண்டும். காத்திருப்போர் வரிசை பகிரங்கமாக இருத்தல் அவசியம். விடுதிப் பொறுப்பாளர் அல்லாத ஒருவரிடம் மேன்முறையீடு செய்யக் குறிப்பிட்ட காலமும் வழங்கப்படவேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்துவதால், எந்த விதியின்படி இடங்கள் பகிரப்பட்டன என்று எழுத்தில் வினவ மாணவருக்கு உரிமையுண்டு என்பதையும் நினைவூட்டுகிறோம்.

பங்கீடு நிர்வாகத்தின் கையை விட்டு நழுவினால் நேர்வது வசதிக் குறைவு மட்டுமன்று. அறையைக் கொடுப்பதும் பறிப்பதும் சிரேஷ்ட மாணவர்களின் அதிகாரமாகும்போது, அங்கே பகிடிவதை வேரூன்றுகின்றது. 1997 இல் பேராதனையில் ஒரு தமிழ் மாணவர் பகிடிவதைக்கு உயிரைப் பறிகொடுத்ததையும், அதன் பின்னர் 1998 இல் பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேற்றப்பட்டதையும் நாம் மறத்தலாகாது. சட்டம் தண்டிக்கும், ஒழுங்கான பங்கீடு தண்டனைக்குரிய நிலை தோன்றாமலே தடுக்க உதவும்.

புதிய கட்டடங்களுக்குப் பணமும் காலமும் வேண்டும். இருக்கின்ற கட்டில்களை நேர்மையாகப் பங்கிட்டு, அதன் காரணத்தை வெளிப்படையாகச் சொல்வதற்கு ஒரு தாளும் ஒரு மனமும் போதும். இடம் கிடையாத மாணவனும் தலையசைத்து ஏற்றுக்கொள்ளத்தக்க விதியே நல்ல விதியாகும்.