காக்பர்ன் பங்களாவும் எங்க மரவள்ளிக் காடும்

கரியாலூரிலிருந்து விடியக்காலையில் வேன் ஏறினோம். குழுவில் பன்னிரண்டு பேர். கள்ளக்குறிச்சி, சேலம் வழியாக ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காற்றே மாறிவிட்டது.

பார்க்கப் போனது கிரேஞ்ச் பங்களா. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரையின் வீடு. சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆரஞ்சு, பேரி என்று பழமரங்களையும் நட்டுப் பார்த்தார்.

பழைய வீட்டை வெளியே நின்று பார்த்துவிட்டு, பக்கத்துக் காபித் தோட்டத்துக்குள் நடந்தோம். அங்கே வேலை செய்யும் பெரியவர், "செருப்பைக் கழட்டிட்டு கால வச்சுப் பாருங்க தம்பி" என்றார். மெத்தை மாதிரி அமுங்கியது மண். மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காபி, தரையெல்லாம் சருகு. மழைத்துளி நேராக மண்ணில் விழ வழியே இல்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. சேர்வராயனிலும் நம்மைப் போல மலையாளி மக்கள்தான். துரைமார் எஸ்டேட் போட்ட மலையிலேயே கூலிக்குப் போனார்கள். நம் கல்வராயனில் 1976 வரை ஜாகிர்தார் ஆட்சி. அதனால் பங்களாவைப் பார்த்து வாய் பிளக்க வேண்டாம். தோட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வோம்.

நம்ம காட்டில் என்ன நடக்குது? சாமை, தினை போட்ட சரிவில் இப்போது மரவள்ளி. கிழங்கு பிடுங்கும்போது மொத்த மண்ணும் கிளறப்படுது. அடுத்த மழைக்கு மேல்மண் ஓடைக்குப் போயிடுது. போன ஐப்பசியில் என் காட்டிலிருந்து செம்மண் தண்ணீர் ஓடியதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தவன் நான்.

"மரம் வளர்ற வரைக்கும் எதைச் சாப்பிடறது?" வேனில் திரும்பும்போது ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி.

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஆளுக்கு அரை ஏக்கர் மட்டும் மாற்றுவது. சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு. வரப்போரம் கல்யாண முருங்கைப் போத்து; அது வேர் பிடித்ததும் மிளகு. இடையில் பலா, நெல்லி. நடுவே சாமையும் அவரையும். மிளகு காய்க்க மூணு நாலு வருஷம் ஆகும். அதுவரை மீதி நிலத்து மரவள்ளி வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும்.

காபிதான் நடணும் என்பதில்லை. மண்ணுக்கு மேலே நிழல் வேண்டும், அவ்வளவுதான். வரும் ஆடியில் முதல் போத்தை ஊன்றுகிறோம்.