அறமும் பரீட்சையும்

ஒழுக்கத்தைப் பரீட்சை வைத்து அளக்க முடியுமா? முடியாதென்பதே நமது அபிப்பிராயம். எனினும், மத்திய பப்ளிக் ஸர்வீஸ் கமிஷனார் நடத்தும் ஸிவில் ஸர்வீஸ் பிரதானப் பரீட்சையில், 2013-ஆம் வருஷம் முதல் அறநெறிக்கென்றே தனித் தாள் ஒன்று இருந்துவருகிறது. மூன்று மணி நேரம், 250 மார்க்கு. பட்டம் பெற்று அதற்குப் படித்துவரும் மொரப்பூர் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை.

நேர்மை, பட்சபாதமின்மை, கருணை என்பவற்றின் இலக்கணத்தை நெட்டுருப் போடுவது எளிது. அத்தாளின் ஏறக்குறையப் பாதியோ, இக்கட்டான நிலைமையொன்றை விவரித்து, அதிகாரியாயிருந்தால் என்ன செய்வீர் என்று வினவுகிறது. உங்கள் ஊர் ரேஷன் கடையில் ஒரு மூதாட்டியின் கைரேகை இயந்திரத்தில் பதியவில்லையென்று வைத்துக்கொள்வோம். விதியைக் காட்டி வெறுங்கையுடன் அனுப்புவதா? இரக்கத்தால் விதியை மீறுவதா? விதிக்குள்ளேயே மாற்று வழியைத் தேடி, செய்ததைப் பதிவு செய்து, பொறுப்பை ஏற்பவனே தக்க விடை எழுதுவான். தினம் இத்தகைய வழக்கொன்றை எடுத்து, இரு கட்சி நியாயங்களையும் எழுதிப் பழகுக.

விடையைத் தமிழில் எழுதலாம். வினாத்தாளோ ஆங்கிலத்திலும் ஹிந்தியிலுமே அச்சாகிறது. ஆதலால் கலைச்சொற்களின் பொருளை முன்னரே தெளிந்துகொள்ளுதல் அவசியம்.

மார்க்கு உத்தியோகத்தைத் தரலாம். உண்மையான பரீட்சை, முதல் மனுதாரர் எதிரே வந்து நிற்கும் அன்றுதான் ஆரம்பமாகும்.